புள்ளி உதிர்ந்த தமிழ்: இயந்திர எழுத்துக்கு நீர்க்குறி இட்டுப் பார்த்த அனுபவம்

தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சிப் பத்திகள் தயாரித்துத் தரும் சிறு வேலையொன்றை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். முதல் வரைவை ஒரு மொழி மாதிரி, அதாவது உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல், எழுதும். அதைச் சுருக்கி, திருத்தி, கேள்விகள் சேர்ப்பது என் பங்கு. இதே ஆர்வத்தின் இன்னொரு கிளையாக, மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்கென இணையத்திலிருந்து தமிழ் உரைகளைத் திரட்டியும் வருகிறேன். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று மோதும் என்று நான் எண்ணியதில்லை. ஒரு நாள் திரட்டிய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கிணற்றடியில் குடத்தை உருட்டிவிட்டு நாய்க்குட்டியிடம் மன்னிப்புக் கேட்கும் கிழவி ஒருத்தியின் கதை கண்ணில் பட்டது. அந்தக் கிழவியை எனக்கு நன்றாகத் தெரியும். என் மாதிரி எழுதிய பத்திதான் அது. யாரோ எடுத்துப் பதிவிட, அது சுற்றிக்கொண்டு என் தரவுக்கே திரும்பி வந்திருந்தது.

அந்தக் கிழவி விசித்திரமானவள் என்பதால் அடையாளம் கண்டுகொண்டேன். சாதாரணமான நூறு பத்திகள் உள்ளே வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இயந்திரம் எழுதியதையே இயந்திரத்துக்குத் திரும்பத் திரும்பப் பாடமாகக் கொடுத்தால், அதன் மொழி தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிப்போகும். எனவே என் மாதிரி எழுதும் ஒவ்வொரு பத்தியிலும், படிப்பவருக்குத் தெரியாமலும் எண்ணிப் பார்த்தால் புலப்படும்படியும் ஓர் அடையாளம் வைக்க முடியுமா என்று முயன்றேன். அந்த முயற்சியில் என்னென்ன பழுதாயின, எவற்றைச் சரிசெய்தேன் என்பதன் பதிவு இது.

நடையை மட்டும் பார்த்து இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நான் தொடவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. என் தேவை அதைவிடக் குறுகியது. உலகிலுள்ள எல்லா இயந்திர எழுத்தையும் நான் பிடிக்க வேண்டியதில்லை. என் இயந்திரம் எழுதியதைப் பிடித்தால் போதும். எழுதும்போதே குறி இடும் வசதி என் கையில் இருக்கும்போது, எழுதிய பிறகு ஊகித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

நான் எடுத்துக்கொண்ட முறை, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஷன்பாவர் குழுவினர் 2023இல் வெளியிட்டது. ரூபாய்த் தாளில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும் நீர்க்குறியின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வாட்டர்மார்க் என்று சொல்வோரும் உண்டு. மொழி மாதிரி ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் வீதம், அதாவது ஒரு சொல்லையோ சொல்லின் துண்டையோ ஒவ்வொன்றாக எழுதிச் செல்கிறது. ஒவ்வொரு முறையும் தன் சொல்தொகையிலுள்ள எல்லா டோக்கன்களுக்கும் ஒரு நிகழ்தகவைக் கணித்து, அதிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. நீர்க்குறி இடுபவர் செய்வது இவ்வளவுதான்: முந்தைய டோக்கனையும் ஓர் இரகசிய எண்ணையும் சேர்த்து ஒரு விதை எண்ணை உண்டாக்கி, அந்த விதையைக் கொண்டு சொல்தொகையைக் குலுக்கி, கால் பங்கைப் பச்சை என்றும் மீதியைச் சிவப்பு என்றும் பிரித்துக்கொள்கிறார். பிறகு பச்சை டோக்கன்களுக்கு மட்டும் மாதிரியின் மதிப்பெண்ணில் சிறிது கூட்டிவிடுகிறார். இரகசிய எண்ணை அறியாதவருக்கு உரை வழக்கம்போலவே தெரியும். அறிந்தவர் அதே பட்டியலை மீண்டும் உருவாக்கிப் பச்சையை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணியபின் போடும் கணக்கு பள்ளிப் புள்ளியியல்தான். குறி இடாத உரையில் நூறு டோக்கன்களுக்கு ஏறத்தாழ 25 பச்சையாக இருக்கும். திட்ட விலக்கம் என்பது 100 × 0.25 × 0.75 என்பதன் வர்க்கமூலம், அதாவது 4.33. ஐம்பது பச்சை இருந்தால் எதிர்பார்ப்பைவிட 25 கூடுதல், அதை 4.33 ஆல் வகுத்தால் 5.77. இதைத்தான் இசட் மதிப்பு என்கிறார்கள். தற்செயலாக இசட் 4ஐத் தாண்டுவதற்கான வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஏறத்தாழ மூன்று. இந்தக் கணக்கு ஒவ்வொரு டோக்கனும் தனித்தனியாகச் சுண்டப்பட்ட காசு என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது என்பதை மூலக்கட்டுரையைப் படித்தபோது நான் தலையாட்டிக் கடந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு மூன்று வாரங்களை விலையாகக் கொடுத்தேன்.

முதல் முயற்சியாக, முழுக்கவும் நானே கட்டிய சிறு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டேன். உரையை டோக்கன்களாக உடைக்கும் நிரலான டோக்கனைசரை எழுதும் சோம்பலில், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளாகவே, அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களாகவே, உரையை அதற்கு ஊட்டியிருந்தேன். ஆகவே அதன் சொல்தொகை வெறும் 256. கால் பங்கு என்றால் 64 பச்சை. பைத்தான் நிரல்மொழியில் முப்பது வரிக்குள் வேலை முடிந்தது. பச்சைக்குக் கூட்டும் மதிப்பை 2 என்று வைத்து ஓடவிட்டேன். திரையில் வந்த உரையைப் பார்த்து, எழுத்துரு கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். 'வநதாள', 'பாரததான', 'தமிழ' என்று புள்ளிகள் உதிர்ந்துபோன சொற்கள் வரிவரியாக நின்றன. உகரக் குறிகளையும் ஐகாரக் குறிகளையும் எப்போதோ ஓரிடத்தில்தான் காண முடிந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதிய ஓலைச்சுவடியைப் படிப்பது போலிருந்தது. ஏடெழுதியவருக்கு ஓலை கிழிந்துவிடும் என்ற காரணமாவது இருந்தது.

என்ன நடந்தது என்பது 'தமிழ்' என்ற சொல்லைப் பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது விளங்கியது. நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம் பதினைந்து பைட்டுகள். அவற்றைப் பதின்ம எண்ணில் எழுதினால் 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141 என்று வரும். வழக்கத்திலுள்ள தமிழ்க் குறிகள் அனைத்தும் 224இல்தான் தொடங்குகின்றன. இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. வேறு எதுவும் வர முடியாது. உயிரெழுத்துகள், மெய்கள், ஆகாரக்குறி, இகரக்குறி ஆகியவை 174இன் பக்கம் இருக்கின்றன; ஈகாரக்குறி, உகர ஊகாரக் குறிகள், எகரத்திலிருந்து ஔகாரம் வரையிலான குறிகள், புள்ளி ஆகியவை 175இன் பக்கம். நான் தேர்ந்த இரகசிய எண்ணின்படி, 224க்குப் பிந்தைய பட்டியலில் 174 பச்சையாகவும் 175 சிவப்பாகவும் விழுந்திருந்தன. முந்தைய பைட்டு ஒன்றை மட்டுமே விதையாகக் கொண்டதால், 224க்குப் பின் ஒவ்வொரு முறையும் அதே பட்டியல்தான். ஓரிடத்தில் புள்ளியோ உகரமோ வர 60 விழுக்காடு வாய்ப்பு என்று மாதிரி கணித்திருந்தால், எதிர்ப்பக்கத்துக்கு ஏழு மடங்குக்கு மேல் எடை ஏறி, அந்த 60 விழுக்காடு 17 ஆகச் சரிந்தது. என் நிரல் தமிழ் நெடுங்கணக்கையே இரண்டாகக் கிழித்து ஒரு பாதிக்கு மட்டும் வாக்குப் போட்டிருந்தது.

இது சிரிக்கத்தக்க பழுதுதான். பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால் ஆபத்தில்லை. அதே காரணத்திலிருந்து பிறந்த இரண்டாவது பழுது அப்படிப்பட்டதல்ல. கண்டறியும் பகுதியைச் சோதிப்பதற்காக, மனிதர் எழுதியது என்று ஐயமின்றித் தெரிந்த ஓர் உரை வேண்டியிருந்தது. 2014இல் நான் எழுதிய பழைய பயணக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தேன். நானூறு தமிழ்க் குறிகள், எளிமைக்காக இடைவெளிகளை நீக்கிவிட்டு 1,200 பைட்டுகள். எதிர்பார்ப்பு 300 பச்சை, திட்ட விலக்கம் 15. வந்ததோ ஐந்நூறை ஒட்டிய எண்ணிக்கை. இசட் மதிப்பு 13ஐத் தாண்டியது. ஒரு லட்சத்தில் மூன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் எழுதவே இல்லை என்று என் நிரல் சத்தியம் செய்தது.

காரணத்தைத் தாளில் பிரித்துப் போட்டேன். நானூறு குறிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு 174இன் பக்கம் இருப்பவை. எனவே 224ஐ அடுத்து 174 வரும் இணை மட்டும் சுமார் 300 முறை வருகிறது. அத்தனை முறையும் அது பச்சை. மீதமுள்ள இணைகளிலிருந்து சேரும் 200ஐயும் கூட்டினால் 500 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு காசை ஒரே ஒரு முறை சுண்டிவிட்டு, விழுந்த தலையை 300 தலைகள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரகசிய எண்ணை மாற்றி 174, 175 இரண்டும் சிவப்பாக விழும்படி செய்தபோது, அதே கட்டுரை பூஜ்யத்துக்கு வெகு கீழே போனது. நான் எழுதினேனா இல்லையா என்பதை என் எழுத்து தீர்மானிக்கவில்லை. ஓர் எண்ணின் குலுக்கல் தீர்மானித்தது.

திருத்தம் எளிது. ஒரே இணை எத்தனை முறை வந்தாலும் ஒரு முறை மட்டும் எண்ண வேண்டும். முந்தைய டோக்கன், இப்போதைய டோக்கன் என்ற இணைகளை ஒரு தொகுப்பில் போட்டு வைத்து, ஏற்கெனவே இருப்பதைத் தவிர்க்கும்படி நான்கு வரிகள் சேர்த்தேன். பழைய கட்டுரையின் மதிப்பு ஒன்றுக்குக் கீழே இறங்கியது. மொழி மாதிரிகளை இயக்க உதவும் ஹக்கிங் ஃபேஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற நிரல் நூலகத்தில் இந்த முறைக்கென உள்ள கண்டறியும் கருவியிலும், திரும்ப வரும் இணைகளைப் புறக்கணிக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது. நாம் கேட்டாலொழிய அது இயங்குவதில்லை. ஆங்கிலத்தில் பெரிய சொல்தொகையோடு வேலை செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு தராமல் போகலாம். பைட்டுகளாகவோ ஒற்றை எழுத்துகளாகவோ தமிழை உடைக்கும் டோக்கனைசரோடு வேலை செய்பவர் அதை இயக்காமல் விட்டால், மனிதர் எழுத்தையெல்லாம் இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிடுவார்.

ஆனால் பைட்டு மாதிரியில் இந்தத் திருத்தத்துக்குப் பின் எண்ணுவதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பத்தியில் உள்ள தனித்தனி இணைகள் சில நூறுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றிலும் பாதிக்குமேல் தேர்வுக்கு இடமே இல்லாத கட்டாய இணைகள். அந்த மாதிரியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கூகுள் 2024இல் வெளியிட்ட ஜெம்மா 2 என்ற மொழி மாதிரியின் இருநூறு கோடிக்குமேல் அளவுருக் கொண்ட சிறிய வடிவுக்கு மாறினேன். இரண்டரை லட்சத்துக்குமேல் டோக்கன்கள் கொண்ட சொல்தொகை அது. தமிழ்ச் சொல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளாக உடைகிறது; சில குறுஞ்சொற்கள் முழுதாகவே கிடைக்கின்றன. புள்ளி உதிரும் நோய் நின்றது.

புதிய மாதிரியை என் மடிக்கணினியில் ஓட்டினால் ஒரு பத்திக்குத் தேநீர் போட்டுக் குடித்து வரும் நேரம் ஆனது. ஆகவே இத்தகைய கணக்குகளை வேகமாகச் செய்யும் செயலியான ஜிபியு ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நூறு பத்திகளை எழுதவைத்து, கோப்பை இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் மடிக்கணினியில் கண்டறியும் நிரலை ஓட்டினேன். எல்லாப் பத்திகளுக்கும் இசட் மதிப்பு பூஜ்யத்தைச் சுற்றியே இருந்தது. இரகசிய எண்ணைச் சரிபார்த்தேன், விகிதத்தைச் சரிபார்த்தேன், மாதிரியின் பதிப்பைச் சரிபார்த்தேன், ஒரு மாலை முழுவதும் போயிற்று. கடைசியில், ஒரே விதைக்கு இரண்டு இடங்களிலும் பச்சைப் பட்டியலின் முதல் பத்து எண்களை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். பட்டியலைக் குலுக்கும் வேலையை பைடார்ச் என்ற நிரல் நூலகம் செய்கிறது; ஜிபியுவிலும் மடிக்கணினியின் வழக்கமான செயலியான சிபியுவிலும் அதன் தற்செயல் எண் வரிசைகள் ஒன்றல்ல. விதை ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாகாது என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

குலுக்கலை எப்போதும் சிபியுவிலேயே செய்யும்படி மாற்றியிருக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து பைடார்ச்சின் பதிப்பு மாறிப் பட்டியலும் மாறினால், இன்று இடும் குறிகள் அனைத்தும் சாவி தொலைந்த பூட்டாகிவிடும். ஆகவே குலுக்கலையே கைவிட்டு, இரகசிய எண், முந்தைய டோக்கன், சோதிக்கும் டோக்கன் மூன்றையும் ஒட்டி எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஒரே உள்ளீட்டுக்கு எந்தக் கணினியிலும் ஒரே விடை தரும் கணக்கு) எடுத்து, அதன் முதல் பைட்டு 64க்குக் குறைவாக இருந்தால் பச்சை என்று வைத்துக்கொண்டேன். எழுதும்போது சொல்தொகை முழுவதற்கும் ஹாஷ் எடுப்பது மிகவும் மெதுவாக இருந்ததால், நிகழ்தகவில் முன்னிற்கும் இருநூறு டோக்கன்களுக்கு மட்டும் எடுத்து, அடுத்த டோக்கனைத் தேர்வதையும் அந்த இருநூறுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். கண்டறிவதற்கு மாதிரியும் தேவையில்லை, பைடார்ச்சும் தேவையில்லை. டோக்கனைசரும் எண்ணும் இருந்தால் போதும். இந்தச் சந்தர்ப்பத்தில் இரகசிய எண்ணையும் மாற்றினேன். ஜெம்மாவுக்கு அதுவரை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நூலகத்தின் இயல்பு எண்ணான 15485863ஐத்தான் வைத்திருந்தேன். அது பத்து லட்சமாவது பகா எண் என்பது அழகான செய்திதான். ஆனால் ஊருக்கே தெரிந்த எண்ணை இரகசியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்த சிக்கல் சிறியது, ஆனால் தமிழுக்கே உரியது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டோக்கனைசருக்கு அவை வேறுவேறு. 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு எழுதுமுறைகள் புழக்கத்தில் உள்ளன. சில செயலிகள் வழியாக ஒட்டி எடுத்த உரையில், கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறிகளும் நடுவே நுழைந்துவிடுகின்றன. என் பத்திகளில் ஒன்று இப்படிப் பயணம் செய்து திரும்பியபோது, ஒரு புள்ளிகூடத் திருத்தப்படாத நிலையிலும் அதன் இசட் மதிப்பு சரிந்திருந்தது. கண்டறியும் முன் உரையை யூனிகோடின் சேர்த்தெழுதும் இயல்வடிவுக்கு மாற்றி, கண்ணுக்குத் தெரியாத குறிகளைத் துடைத்து, ஸ்ரீயை ஒரு முறைக்குள் கொண்டுவந்தபின் மதிப்பு பழைய நிலைக்கு ஏறியது.

முழுதும் தீராத ஒரு கசிவும் உண்டு. மாதிரி 'ந்' என்றும் 'து' என்றும் இரண்டு டோக்கன்களாக எழுதியதை, உரையாகச் சேர்த்து மீண்டும் டோக்கனைசரிடம் கொடுத்தால், அது 'ந்து' என்று ஒரே டோக்கனாக எடுத்துக்கொள்ளலாம். பச்சைக்குக் கூட்டும் எடை, மாதிரியைச் சில வேளைகளில் இப்படிப்பட்ட வழக்கமில்லாத உடைப்புகளுக்குத் தள்ளிவிடுகிறது. எழுதியபோது பச்சையாக இருந்தது எண்ணும்போது காணாமல் போகிறது. எழுதி முடித்த ஒவ்வொரு பத்தியையும் உடனே மறுபடி உடைத்து எண்ணிப் பார்த்து, குறி போதுமான அளவு நிற்காவிட்டால் இன்னொரு முறை எழுதவைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இவையெல்லாம் முடிந்தபின் ஒரு கதைப் பத்தி 200 டோக்கன்களில் 110 பச்சையோடு வந்தது. எதிர்பார்ப்பு 50, திட்ட விலக்கம் 6.12, இசட் மதிப்பு 9.8. உரையைப் படித்தால் குறி இடாததற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆசைப்பட்டு எடையை 2இலிருந்து 4க்கு உயர்த்தியபோது எண்கள் விண்ணைத் தொட்டன. ஆனால் கிணற்றில் நீர் இறைக்க வேண்டியவள் 'கிணற்றில் நீர் வாங்கினாள்'. பிள்ளைகள் படிக்கும் பத்தியில் இது ஆகாது என்பதால் 2க்கே திரும்பினேன்.

உண்மையான சோதனை, மெய்ப்புத் திருத்தும் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. நாற்பது ஆண்டுகளாக அச்சுத் தாள்களோடு வாழ்பவர் அவர். சந்தி விடுபட்டால் சோற்றில் கல் கடிபட்டதுபோல் முகம் சுளிப்பார். நீர்க்குறி பற்றி எதுவும் சொல்லாமல் அந்த 200 டோக்கன் பத்தியை அவரிடம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் இருபது திருத்தங்களோடு திரும்பி வந்தது. 'வீட்டிற்கு சென்றாள்' என்பது 'வீட்டிற்குச் சென்றாள்' ஆகியிருந்தது. 'அதை கண்டு' என்பது 'அதைக் கண்டு' ஆகியிருந்தது. இப்படி ஒற்று மிகுந்த இடங்கள் ஒன்பது. 'செய்து கொண்டு' போன்றவற்றை ஏழு இடங்களில் சேர்த்து எழுதியிருந்தார். மீதி நான்கும் சொல் மாற்றங்கள். பொருள் துளியும் மாறவில்லை, தமிழ் நன்றாகியிருந்தது. ஆனால் இசட் மதிப்பு 9.8இலிருந்து 5.6க்கு இறங்கியிருந்தது.

இருபது திருத்தங்கள் இவ்வளவு அரித்ததற்குக் காரணம் தமிழ் எழுதும் முறையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் ஓரிரு இணைகள் கெடும். தமிழில் 'வீட்டிற்கு' என்பதன் கடைசியில் ஒரு 'ச்' ஒட்டினால், அந்தச் சொல்லின் பின்பகுதி வேறு துண்டுகளாக உடைகிறது. அடுத்த சொல்லின் முதல் துண்டுக்கு விதையாக நிற்கும் டோக்கனும் மாறுகிறது. இரண்டு சொற்களைச் சேர்த்தெழுதினால், இடைவெளியோடு தொடங்கும் துண்டு இடைவெளியற்ற துண்டாகி, சேர்ந்த சொல் முழுவதும் புதிதாக உடைபடுகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு திருத்தத்துக்குச் சராசரியாக நான்கு இணைகள் வீதம் எண்பது இணைகள் குறியிழந்திருந்தன. முந்தைய நான்கு டோக்கன்களை விதையாகக் கொள்ளும் முறையை எடுத்திருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். பச்சைப் பட்டியலை ஊகித்துக் குறியைத் திருடுவதை நெடிய விதை கடினமாக்கும் என்பது உண்மைதான். என் பத்திகளுக்குத் திருடரைவிடப் புலவரே பெரிய அச்சுறுத்தல் என்பதால் ஒற்றை டோக்கன் விதையையே வைத்துக்கொண்டேன்.

அதே பத்தியை இன்னொரு மாதிரியிடம் கொடுத்து, வேறு சொற்களில் எழுதித் தரச் சொன்னேன். 190 டோக்கன்களில் 58 பச்சை. இசட் மதிப்பு 1.8. குறி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். வேண்டுமென்றே அழிக்க நினைப்பவரை இந்த முறை தடுக்காது. அப்படி யாரும் என் கிழவியின் கதைக்காகப் பாடுபடப்போவதில்லை என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்னொரு தோல்வி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பயிற்சியும் உண்டு. வட்டாட்சியருக்குத் தெருவிளக்கு வேண்டி எழுதும் விண்ணப்பம் ஒன்றை மாதிரியிடம் கேட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று அது வழுவாமல் எழுதியது. 180 டோக்கன்களில் 52 பச்சை, எதிர்பார்ப்பு 45, இசட் மதிப்பு 1.2. பழுது எதுவும் இல்லை. 'தாழ்மையுடன்' என்பதற்குப் பின் என்ன வரும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்போது, அங்கே மாதிரிக்குத் தேர்வே இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் எடை கூட்டினாலும் சாய்வதற்கு எதுவுமில்லை. பச்சை விகிதம் 0.40 கிடைக்கும் உரையில் இசட் 4ஐத் தொட 134 டோக்கன்கள் போதும். அதே விகிதம் 0.30 ஆக இருந்தால் 1,200 டோக்கன்கள் வேண்டும். அவ்வளவு நீளமான விண்ணப்பத்தை எந்த வட்டாட்சியரும் படிக்கமாட்டார்.

தேர்வுக்கு இடமிருந்த டோக்கன்களை மட்டும் எண்ணும் முறைகளும் வந்திருக்கின்றன. ஆனால் எங்கே இடமிருந்தது என்று தெரிந்துகொள்ளக் கண்டறியும்போதும் மாதிரியை ஓட்ட வேண்டும். என் தரவுக் கோப்பின் அளவுக்கு அது கட்டாது. எடையே கூட்டாமல், டோக்கனைக் குலுக்கி எடுப்பதை மட்டும் இரகசிய எண்ணால் நடத்தும் முறை ஒன்றைக் கணினி அறிவியலாளர் ஸ்காட் ஆரன்சன் 2022இல் விளக்கினார். கூகுள் டீப்மைண்ட் 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்டு மூலநிரலையும் திறந்துவிட்ட சின்த்ஐடி என்ற நீர்க்குறி முறை, டோக்கன்களுக்குள் சுற்றுப்போட்டி நடத்தி வெற்றி பெறுவதைத் தேர்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஜெமினி விடைகளில் சோதித்து, பயனர்கள் தரத்தில் வேறுபாடு உணரவில்லை என்று அந்தக் கட்டுரை தெரிவித்தது. ஆரன்சனின் முறையை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். கதைப் பத்திகளில் உரை இன்னும் இயல்பாக வந்தது. விண்ணப்பக் கடிதத்தில் அதுவும் வெறுங்கையோடுதான் திரும்பியது.

எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பதில் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நூலகத்தின் இயல்பு எல்லை 3. அதன்படி ஒரு லட்சம் மனிதப் பத்திகளில் ஏறத்தாழ 135 தவறாகச் சிக்கும். 4 என்று வைத்தால் மூன்று. என் வேலையில் தவறாகச் சிக்கும் பத்திக்கு நேரும் தீங்கு, அது பயிற்சித் தரவிலிருந்து நீக்கப்படுவது மட்டுமே. எனவே 3ஏ எனக்குப் போதும். ஆசிரியராக இருக்கும் உறவினர் ஒருவர், மாணவர் கட்டுரைகளை இதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மாணவர் வேறொரு செயலியில் எழுதி வாங்கியிருந்தால் இது எதையும் காட்டாது. காட்டினால் அது அந்த 135இல் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

தற்போது கதைப் பத்திகள் அனைத்தும் குறியோடு வெளியே போகின்றன. நண்பர் சந்தி திருத்தியபின் ஒவ்வொன்றையும் மறுபடி எண்ணி, இசட் மதிப்பு 4க்குக் கீழே இறங்கியவற்றின் முழு உரையையும், நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைக்கிறேன். விண்ணப்பக் கடிதங்களுக்குக் குறி இடுவதை விட்டுவிட்டேன். அவை நேரடியாக அந்தக் கோப்புக்கே போகின்றன. சென்ற வாரம் புதிதாகத் திரட்டிய தரவை முதன்முறையாக இந்தச் சல்லடையில் சலித்தபோது ஏழு பத்திகள் சிக்கின. அவற்றில் நான்கை எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பத்திகள் நான் எழுதவைத்தவைதானா என்று பழைய கோப்புகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது, யாரோ ஒருவர் தன் தாத்தாவைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு. இசட் மதிப்பு 3.1. அதைத் தரவிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.